மூன்று பெயர்கள் இல்லாத மனு

1

நேற்று காலை எங்கள் தெருக்காரர் ஒருவர் கடைக்கு வந்து ஒரு மனுவை நீட்டினார். போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் வெயில் காலம் பிறந்துவிட்டால் குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம். அதற்காகத் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மனு. வாங்கி முழுவதும் படித்தேன். மறுபடியும் படித்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னால் கையெழுத்துப் போட்ட முப்பது பேருக்கும் இதே தாளைத்தான் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"அரே அக்கா, தண்ணிக்குத்தான கேக்குறோம். இதுல என்ன ஷக்?" என்றார்.

ஷக் என்றால் சந்தேகம். இந்தத் தீவுக்கு வந்து நான் கற்றுக்கொண்ட முதல் இந்திச் சொற்களில் ஒன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் போன பிறகும் பேனா என் கையிலேயே இருந்தது. ஒரு தாளில் பெயர் எழுத நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சாத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. அந்தமான் என்ன வெளிநாடா என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் அப்பா இறந்த செய்தி வந்த வாரம் சென்னைக்குக் கப்பல் இல்லை, விமானத்தில் இடம் இல்லை. பதினோராம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அப்படிப்பட்ட இடத்தை உள்நாடு என்று சொல்ல எனக்கு நாக்கு வருவதில்லை. இங்கே உள்ளவர்கள் உங்கள் பக்கத்தை 'மெயின்லேண்ட்' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

வீட்டுக்காரருக்குத் துறைமுகப் பக்கம் அரசாங்க வேலை. நான் வைத்திருப்பது டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மனு எழுதித் தருவதும் படிவம் நிரப்பித் தருவதும் உண்டு. தீவுக்காரர் என்று காட்டும் ஐலேண்டர் கார்டு இருந்தால் கப்பல் டிக்கெட்டுக்குச் சலுகை. அதற்கு எழுத வருகிறவர்கள் பத்து வருடமாக இருக்கிறேன் என்பார்கள். பையைத் திறந்தால் ஆறு வருடத்துக்குத்தான் தாள் இருக்கும். வயதில் பொய், முகவரியில் பொய், மாமனார் பெயரில்கூடப் பொய். எனக்குச் சந்தேகம் தொழிலோடு வந்தது. அப்படியிருந்தும் ஒரு பொய்யில் நான் முழுசாகப் போய் விழுந்தேன்.

2

தெய்வானை முதல்முறை கடைக்கு வந்தபோது ஒரு துணிப்பை நிறையத் தாள் வைத்திருந்தாள். நடு அந்தமானில் இருக்கிற ரங்கத் என்ற ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பார்த்தால் எனக்கு மூத்தவளாகத் தெரிவாள்.

"இது எல்லாத்தையும் ரெண்டு காப்பி எடுக்கணும்க்கா. தெளிவா விழுகணும்."

நூற்று நாற்பது பக்கம். இங்கிலீஷில் ஒரு தீர்ப்பு. இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பத் துப்ப நான் அடுக்கிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம் வந்தபோது கண் தானாக அதில் விழுந்தது. உயிர் போகும்வரை தூக்கிலிட வேண்டும் என்ற வரி. எத்தனையோ ஆயிரம் தாள் என் கை வழியாகப் போயிருக்கிறது. அந்த வரி அதுவரை வந்ததில்லை.

"கடைசிப் பக்கம் தெளிவா விழுந்துச்சாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அது என்ன பக்கம் என்பது மட்டும் தெரியும்.

உட்காரச் சொல்லி விசாரித்தேன். தெய்வானையின் தாத்தா காலத்து ஆட்கள் இலங்கை மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். சுனாமி அம்மாவையும் அப்பாவையும் கொண்டுபோனது. மிஞ்சிய இரண்டு பேர், இவளும் தம்பி யோகராஜும், ரங்கத்துக்கு வந்து ஒண்டினார்கள்.

யோகராஜ் அங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தான். முதலாளி ஹரிபதா, வங்காளக் குடியேறி. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒருநாள் சாமான் குறைகிறது என்று சந்தேகப்பட்டுக் கடைத்தெருவில் வைத்து யோகராஜை அடித்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள், கடையடைத்து எல்லோரும் தூங்குகிற மத்தியான நேரத்தில், குடோனில் தீப்பிடித்தது. உள்ளே பெயிண்டும் தின்னரும் இருந்தன. ஹரிபதா, அவர் மனைவி ஷெபாலி, எட்டு வயது மகள் ரிங்கு, மூவரும் செத்துப்போனார்கள். மூத்த மகள் போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் இருந்ததால் பிழைத்தாள். யோகராஜுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லா நீதிமன்றமும் முடிந்து, கல்கத்தாப் பக்கம் ஒரு சிறையில் இருக்கிறான். இனிக் குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி.

"அவன் செய்யலக்கா. அந்த நேரத்துல என்கூட வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தான். ரசமும் கருவாடும். கரண்டு வயர்ல பத்திக்கிச்சு. சொன்னா யாரு நம்புறா? நாங்க தோட்டத்து ஆளுங்க."

நான் நம்பினேனா? பாதி. மீதிப் பாதிக்கு, அந்தக் கடைசிப் பக்கம் போதுமானதாக இருந்தது. மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன். மக்கள் கையெழுத்தும் சேர்த்து அனுப்பினால் நல்லது என்று சட்ட உதவி வக்கீல் போனில் சொன்னார். அதையும் நானே வாங்கித் தருகிறேன் என்றேன். எதற்கு அப்படித் தலையைக் கொடுத்தேன் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் படிவத்தில் அடுத்தவர் பெயரை நிரப்பிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு பெரிய காரியத்தில் தன் பெயரும் இருக்கட்டும் என்ற ஆசை வந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

3

கையெழுத்துக் கேட்கப் போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: அவன் உனக்கு யார்?

யாரும் இல்லை என்றால் அடுத்த கேள்வி: பிறகு எதற்கு?

தமிழர் சங்கச் செயலாளர், மற்றவர்கள் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாகப் போடுகிறேன் என்றார். அந்தக் கடைசி வரவே இல்லை. வீட்டுக்காரர் ஒருவாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கவர்மென்ட் வேலையில இருக்கேன். நாளைக்கு எவனாவது மேல எழுதிப் போட்டா?" என்று மட்டும் கேட்டார். சாத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்தான்.

"என்னம்மா, தூக்குக் கைதிக்கு மனு எழுதுறியாமே. அந்தப் பையன் நம்மாளா?"

"தமிழ்ப் பையன்ணே."

"அது தெரியுது. நம்மாளான்னு கேட்டேன்."

கடல் தாண்டி வந்து எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் டிக்கெட் இல்லாமல் பின்னாலேயே வந்துவிடும். போனை வைத்துவிட்டேன்.

கடைக்கு ஒருவர் வந்தார். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி நகல் கேட்டார். "இதுல ஒண்ணும் எழுதலையே சார்" என்றேன். "பரவாயில்ல, எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மனுக் கட்டை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். யார் என்று இன்றுவரை தெரியாது.

என் இந்தியும் காலை வாரியது. கையெழுத்துக் கேட்கும்போது நான் 'மாஃபி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்பு என்று அர்த்தம் வைத்துத்தான் சொன்னேன். காய்கறிக் கடை வங்காளிப் பெரியவர் என்னைப் பார்த்ததும் தராசைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று என் மகள் நந்தினிதான் சொன்னாள்.

"மா, மாஃபி நஹி. தயா போலோ, கருணைன்னு சொல்லு. மாஃபின்னா அவன விட்டுடச் சொல்றேன்னு அர்த்தம். நீ அவன ரிலீஸ் பண்ணச் சொல்றேன்னு பஜார் முழுக்கப் பேசுறாங்க."

நந்தினிக்குப் பதினெட்டு வயது. தமிழில் ஆரம்பிப்பாள், இந்தியில் முடிப்பாள். நான் பேசுகிற இந்தி அவள் தோழிகளுக்கு முன்னால் அவளுக்குப் பெரிய அவமானம். "தும்கோ க்யா மிலேகா இஸ்மே?" என்றும் கேட்டாள். இதில் உனக்கு என்ன கிடைக்கும்? தெருவில் கேட்டவர்களுக்கு ஏதோ பதில் சொன்னேன். வீட்டுக்குள் கேட்டவளைச் சாப்பிட வா என்று கூப்பிட்டேன்.

அப்போதெல்லாம் எனக்கு மாரிச்சாமியின் நினைவு வரும். சாத்தூரில் எங்கள் தெருவில் வாய்க்கால் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு உள்ளே போனவர். பதினாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல டீக்கடையில் உட்கார்ந்தார். கூட உட்கார்ந்து மற்றவர்களும் டீ குடித்தார்கள். அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். ஒருநாள் என் சைக்கிள் சாக்கடையில் விழுந்தது. மாரிச்சாமிதான் இறங்கித் தூக்கிக் கொடுத்தார். பயத்தில் நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன். அவர் கையில் சேறு இருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. அதையே ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதத்தில் முந்நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்துச் சேர்ந்தது.

4

ஒரு திங்கட்கிழமை இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வந்தாள். ஆதார் அட்டையை நீட்டி இரண்டு பக்கமும் நகல் கேட்டாள். கண்ணாடியில் வைக்கும்போது பெயரைப் பார்த்தேன். மிதாலி. தகப்பன் பெயர் ஹரிபதா. ஊர் ரங்கத்.

மூத்த மகள்.

நகலை வாங்கிக்கொண்டு அவள் நகரவில்லை. "ஆன்ட்டி, அந்த மனுவை நான் படிக்கலாமா?" என்றாள். அவள் பேசியது இந்தி. உங்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். யாராவது அனுப்பி வந்திருக்கிறாளோ, மிரட்ட ஆள் நிற்கிறதோ என்று தெருவை எட்டிப் பார்த்தேன். ஒரு ஆட்டோ மட்டும் நின்றது. இங்கிலீஷில் அடித்திருந்த மனுவை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தாள்.

"இதில் எங்கள் வீட்டு ஆட்களின் பெயர் எங்கே இருக்கிறது?"

வாங்கிப் பார்த்தேன். 'உயிரிழந்த மூவர்' என்று ஒரே ஓர் இடத்தில் இருந்தது. நான் எழுதியதுதான்.

"அவன் பெயர் பதினேழு இடத்தில் இருக்கிறது, ஆன்ட்டி."

அவள் சத்தம் போடவும் இல்லை, அழவும் இல்லை. தாளை மேசையில் வைத்து ஓரங்களைச் சேர்த்துத் தட்டினாள்.

"அவன் உயிரைக் கேட்கிறீர்கள் என்றால் கேளுங்கள். உங்கள் இஷ்டம். ஆனால் எங்கள் வீடு தானாக எரிந்தது என்று எழுதாதீர்கள்."

ஊர்விட்டு ஊர் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிற கவுன்டரில் வேலை பார்க்கிறேன் என்று போகும்போது சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்று பிற்பகல் எனக்கு வேலை ஓடவில்லை. மனதில் ஓர் ஓரத்தில் தள்ளி வைத்திருந்த ஒரு விஷயம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல்நாள் தெய்வானை ரசமும் கருவாடும் என்றாள். ஒரு மாதம் கழித்து வேறொருவரிடம் சொல்லும்போது, தம்பிக்கு அன்றைக்குக் காய்ச்சல், கஞ்சிதான் குடித்தான் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன். ஐலேண்டர் கார்டுக்கு வருகிறவன் ஒரு வருடம் கூட்டிச் சொன்னால் பிடிக்கிறவள் நான்.

5

மறுநாளே ரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் வண்டிகள் தனியாகப் போக முடியாது. செக்போஸ்டில் காத்திருந்து, போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. தெய்வானை வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! சொல்லியிருந்தா பஸ்ஸடிக்கு வந்திருப்பேனே."

"தெய்வானை, அன்னைக்கு உன் தம்பி தின்னது ரசஞ்சோறா, கஞ்சியா?"

துருவுகிற கை நிற்கவில்லை.

"ஏன்க்கா?"

"எங்கிட்ட ரெண்டும் சொல்லியிருக்க."

தேங்காய் மூடி ஓடு தெரியும்வரை துருவினாள். பிறகு அதைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் திங்கல. கொல்லையில நின்னு கையக் கழுவிக்கிட்டே இருந்தான். நான்தான் சட்டைய வாங்கித் தொவச்சேன். தின்னர் வாசம் போகல. அப்புறம் அடுப்புல போட்டுட்டேன்."

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானா என்னை வீடு வீடா அனுப்புன?"

"சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களாக்கா?"

எழுதியிருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"பொய்தான் சொன்னேன். இன்னும் நூறு பேருகிட்ட சொல்லணும்னாலும் சொல்லுவேன். கச்சால்ல கடல் வந்தப்ப அவனுக்கு ஏழு வயசு. நான்தான் மரத்துல ஏத்துனேன். ராவும் பகலும் இடுப்புல புடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப மட்டும் எப்படி விடச் சொல்றீங்க?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் போனால், அன்றைய கடைசிக் காவல் வரிசையைப் பிடிக்கிற பஸ் போய்விட்டது என்றார்கள். இனிக் காலையில்தான். எனக்கு அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது. என்னை ஏமாற்றியவள் வீட்டுக்கே திரும்பிப் போய் நின்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

காலையில் பஸ் நிலையம்வரை கூடவே வந்தாள். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

"அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"போன தடவ ஜெயில்ல பாத்தப்ப அவனே சொன்னது. முதலாளி வீட்டு ஸ்கூட்டர் அங்க இல்லையாம். யாரும் இல்லேன்னு நெனச்சுத்தான் வச்சானாம். கொஞ்ச தூரம் போனதும் சத்தம் கேட்டுச்சாம். பாப்பா சத்தம். நின்னானாம்." அவள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "திரும்பிப் போகலையாம்."

"ஏன் போகலையாம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். பயமா இருந்துச்சுங்குறான். அதுக்கு மேல அவனுக்குச் சொல்லத் தெரியல."

"இத நீ எங்கிட்ட சொல்லணும்னு இல்லையே தெய்வானை. இதுக்கு மேலயும் நான் எழுதுவேன்னு நெனைக்கிறியா?"

"எழுத மாட்டீங்கன்னுதான் நெனைக்கிறேன். ஆனா பாதிய வச்சுக்கிட்டு உங்கள பஸ் ஏத்தி விட முடியலக்கா."

காடு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பொய் சொன்னால் நான் வருவேன் என்று கணக்குப் போட்டவள், இப்போது உண்மை சொன்னால் இருப்பேன் என்று கணக்குப் போடுகிறாளா? ஒரு மனது அப்படித்தான் சொன்னது. இன்றைக்கும் அந்த மனது வாயை மூடவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் இல்லை, எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. சொன்னால் தம்பிக்குக் கெடுதல் என்று தெரிந்தே அவள் சொன்னாள். அதுவும் எனக்குத் தெரியும்.

6

வீட்டுக்கு வந்து மனுக் கட்டைக் கிழிக்க எடுத்தேன். நந்தினி மடிக்கணினியில் ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"க்யூன் ஃபாட் ரஹி ஹோ? ஏன் கிழிக்கிற?"

"அவன் செஞ்சிருக்கான்டி."

"தோ?" என்றாள். அதனால் என்ன என்று அர்த்தம்.

"தோன்னா? செஞ்சவனுக்கா இத்தன பேருகிட்ட போயி நின்னேன்?"

"மா, செய்யாதவனுக்கு வேண்டியது அப்பீல். செஞ்சவனுக்குத்தானே தயா கேக்க முடியும்?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதெல்லாம் இவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று எட்டிப் பார்த்தேன். திரையில் மெயின்லேண்டில் ஒரு சட்டக் கல்லூரிக்கான விண்ணப்பம். பாதிக்குமேல் நிரப்பியாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உலகத்துக்கே படிவம் நிரப்பித் தருகிறவளிடம் மகள் கேட்கவில்லை. அப்போது அதைப் பற்றிச் சண்டை போடத் தெம்பு இல்லை. "அத மூடிட்டு இத டைப் பண்ணு" என்றேன். ஆச்சரியம், மூடினாள்.

இரண்டாவது மனுவில் முதல் வரியாக மூன்று பெயர்களை வைத்தோம். ஹரிபதா, ஷெபாலி, எட்டு வயது ரிங்கு. இவர்கள் யோகராஜ் வைத்த தீயில் இறந்தார்கள் என்பது இரண்டாவது வரி. சத்தம் கேட்டும் அவன் திரும்பிப் போகவில்லை என்று எழுதுவதா வேண்டாமா என்று தெய்வானையிடம் போனில் கேட்டேன். அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, "போடுங்கக்கா. அவன்கிட்டயும் எழுதிக் கேட்டுட்டேன். போடச் சொல்லிட்டான்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் வயது, கடல், மரம், அக்கா எல்லாம். முடிவில் விடுதலை கேட்கவில்லை. உயிரை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டோம்.

பிறகுதான் கஷ்டமான வேலை. முந்நூற்றுப் பதினெட்டுப் பேரிடமும் திரும்பிப் போனேன். அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னது தப்பு, அவன்தான் செய்தான், இது புது மனு, இஷ்டம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரை நானே அடித்துவிடுகிறேன் என்றேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "என்னைப் பொய்க்கு சாட்சியாக்கிட்டீங்களேம்மா" என்று கேட்டைச் சாத்தினார். ஒரு அம்மாள் வாசல்படியிலேயே காறித் துப்பினாள். என் மேல் படவில்லை.

வண்டூரில் ஒரு தெலுங்கு மீனவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "முதல்ல ஏன் செய்யலேன்னு சொன்ன?" என்றார், உடைந்த தமிழில்.

"எனக்கே தெரியாதுங்க அப்போ."

"இப்போ தெரிஞ்சு வந்திருக்க."

"ஆமா."

"சரி, குடு" என்று கைநாட்டு வைத்தார். விரலில் இருந்த மீன் செதிலும் தாளில் ஒட்டிக்கொண்டது.

முன்பு மாட்டேன் என்ற மலையாளித் தையல்காரர் இப்போது கூப்பிட்டுப் போட்டார். காய்கறிக் கடைப் பெரியவர் கடைசிவரை போடவில்லை. ஆனால் மனுவின் முதல் வரியைப் படித்தார். ஹரிபதாவின் பெயரை வாய்விட்டு ஒருதரம் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் காய்கறி நிறுத்துக் கொடுக்கிறார்.

பழையவர்களில் தொண்ணூற்றொரு பேர் மிஞ்சினார்கள். புதிதாக இருபத்தாறு பேர். ஒரு நகலை எடுத்துக்கொண்டு டிக்கெட் கவுன்டருக்குப் போய் மிதாலியிடம் கொடுத்தேன். கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. முதல் பக்கத்தைப் படித்தாள், நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

7

மனுவைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் அனுப்புகிறவருக்கும் கைதிக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. தெய்வானையின் பெயருக்கு எதிரே அக்காள் என்று எழுதினேன். துணைக்குக் கையெழுத்திடுகிறவர் என்ற இடத்தில் எனக்கு 'உறவில்லை' என்று எழுதினேன்.

"கோயி ரிஷ்தா நஹி?" என்று குமாஸ்தா கேட்டார். ஒரு உறவும் இல்லையா?

"நஹி."

"ஊர்க்காரனா?"

"இல்ல."

"பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். கடைசியில் முத்திரை குத்தினார்.

ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. நடுவில் நந்தினி சட்டக் கல்லூரிக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் அவள் அழவில்லை, அழுதது நான். இப்போது போனில் தமிழே வருவதில்லை. "மா, காலேஜ்ல தமிழ்ப் பசங்க இருக்காங்க, அவங்க பேசுற தமிழ் எனக்குப் புரியல" என்று ஒருநாள் இந்தியிலேயே சொன்னாள். என் இந்தி அதற்குள் அவளுக்குப் பழகிவிட்டது, திருத்துவதில்லை.

அந்த நாட்களில் தெய்வானை வாரம் ஒருமுறை போன் செய்வாள். செய்தி ஒன்றும் இல்லையென்றால் நல்ல செய்தி என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். நான் பார்க்காத ஒருவனுக்காக ஓடினேன்.

போன மாதம் ஒரு முற்பகலில் அடித்தது.

"அக்கா, கொறச்சுட்டாங்க. வக்கீலு சொன்னாரு. சாகுற வரைக்கும் உள்ளதானாம். வெளிய விட மாட்டாங்களாம். ஆனா, தூக்கு இல்ல."

"உக்காரு தெய்வானை. எங்க நிக்கிற?"

"ரோட்டுலதான். எங்க உக்கார? கப்பலுக்குப் பேர் குடுக்கணும்கா. அவனப் போயிப் பாக்கணும்."

நன்றி என்று ஒரு சொல் அவள் சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். அதற்கு முன்னால் வேறொருத்திக்கு இதை நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். டிக்கெட் கவுன்டரில் பெண்கள் வரிசை கதவுக்கு வெளியேவரை நின்றது. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை வரிசையை விட்டு விலகி, இரண்டு முறையும் திரும்பி வந்து நின்றேன். என் முறை வந்தது.

மிதாலி நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்தது. "எங்கே போகணும், ஆன்ட்டி?"

"எங்கேயும் இல்லம்மா." எனக்குத் தெரிந்த இந்தியில், தப்பு வந்துவிடாமல், மெதுவாகச் சொன்னேன். தூக்கு இல்லை என்று ஆகிவிட்டது. உயிர் இருக்கும்வரை சிறைதான். உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று வந்தேன்.

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே இருந்தன. எனக்குப் பின்னால் நின்ற பெண், சீக்கிரம் சீக்கிரம் என்று முதுகில் இடித்தாள்.

"இப்போது அவனுக்கு என்ன வயது?" என்று மிதாலி கேட்டாள்.

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும்."

"இனிமேல் அவனுக்கு வயதாகும். இல்லையா?"

"ஆகும்."

"என் தங்கைக்கு எட்டுதான்" என்றாள்.

பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து, அடுத்தவர் வரட்டும் என்று குரல் கொடுத்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.